ஓமானின் இபாழிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஸ்கட்டுக்கு வேலைக்கு வரும் நம் ஊர்க்காரர்கள், முதல் ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடும்போதே கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். முஸ்லிம் அல்லாத நண்பர்களும் செய்தியில் எதையாவது படித்துவிட்டுக் கேட்கிறார்கள். ஒரே பதிலைத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். நான் ஆலிம் இல்லை, வரலாறு படிப்பதில் ஆர்வமுள்ளவன், அவ்வளவுதான். ஃபத்வா வேண்டுபவர்கள் உரிய இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓமான்காரர்கள் சன்னியா, ஷியாவா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே?

ஓமானில் சன்னிகளும் இருக்கிறார்கள், ஷியாக்களும் இருக்கிறார்கள். ஆனால் நிஸ்வா, பஹ்லா, ருஸ்தாக் போன்ற உள்நாட்டு ஊர்களின் பெரும்பான்மையினரும் ஆட்சிக் குடும்பமும் இந்த இரண்டிலும் சேராதவர்கள். அவர்கள் இபாழிகள். 'இபாதி' என்றும் சிலர் எழுதுவார்கள்.

ஓமானுக்கு வெளியே இவர்கள் சிறு சிறு தீவுகளாகத்தான் இருக்கிறார்கள்: அல்ஜீரியாவின் மிஸாப் பள்ளத்தாக்கு, துனீசியாவின் ஜெர்பா தீவு, லிபியாவின் நஃபூஸா மலை, பிறகு ஓமானியர் ஆண்ட ஸன்ஸிபார். உலக முஸ்லிம்களில் மிகச் சிறிய பங்கு. ஆனால் வயதில் சிறியவர்கள் அல்ல. சன்னிகளின் சட்டப் பள்ளிகளான நான்கு மத்ஹபுகளின் இமாம்களில் மூத்தவரான அபூஹனீஃபா பாடம் நடத்தத் தொடங்கும் முன்பே இவர்களுடைய படிப்பு வட்டம் இராக்கின் பஸராவில் நடந்துகொண்டிருந்தது.

இந்தப் பிரிவு எப்போது, எதனால் உண்டானது?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 632இல் மறைந்தார்கள். மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) 656இல் மதீனாவில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அடுத்து அலீ (ரலி) பொறுப்பேற்றார். சிரியாவின் ஆளுநரும் உஸ்மானின் உறவினருமான முஆவியா, கொலைக்குப் பழி தீர்க்காமல் அலீயை ஏற்க மாட்டேன் என்றார். 657இல் யூஃப்ரடீஸ் ஆற்றங்கரையில் ஸிஃப்ஃபீன் என்னுமிடத்தில் இரு படைகளும் மோதின.

போர் முற்றியிருந்தபோது முஆவியாவின் வீரர்கள் ஈட்டி முனைகளில் குர்ஆனை உயர்த்திப் பிடித்து, இதுவே நமக்கிடையில் தீர்ப்புச் சொல்லட்டும் என்றார்கள். அலீயின் தரப்பில் அபூ மூஸா அல்அஷ்அரீயும் முஆவியாவின் தரப்பில் அம்ர் இப்னுல் ஆஸும் நடுவர்களாக அமர்வது என்று முடிவாயிற்று. அப்போது அலீயின் படையிலேயே ஒரு பகுதியினர், தீர்ப்பளிக்கும் உரிமை அல்லாஹ்வுக்கு மட்டுமே என்று முழங்கி விலகி, கூஃபாவுக்கு அருகிலுள்ள ஹரூராவில் போய்த் தங்கினார்கள். இபாழிகள் தங்கள் கதையை இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

பேசித் தீர்த்துக்கொள்வது நல்ல காரியம்தானே? அதற்கா இவ்வளவு கோபம்?

விலகியவர்களின் வாதம் நாம் நினைப்பதைவிடக் கூர்மையானது. முஃமின்களில் இரு கூட்டத்தார் சண்டையிட்டுக்கொண்டால் சமாதானம் செய்யுங்கள், ஒரு கூட்டம் வரம்பு மீறினால் அது அல்லாஹ்வின் கட்டளைக்குத் திரும்பும் வரை அதனோடு போரிடுங்கள் என்று குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 9ஆம் வசனம் சொல்கிறது. முஆவியா முறையான கலீஃபாவுக்கு எதிராக வாளெடுத்தவர். அவர் விஷயத்தில் இறைவனே தீர்ப்புச் சொல்லிவிட்ட பிறகு இரண்டு மனிதர்கள் உட்கார்ந்து புதிதாகத் தீர்மானிக்க என்ன இருக்கிறது என்பதுதான் அவர்கள் கேட்டது.

அவர்களின் முழக்கத்தைக் கேட்ட அலீ, சொல் உண்மையானது, அதை வைத்து நாடுவது பொய் என்றார். இரு தரப்புக்கும் இடையில் சமரசம் பிறக்கவில்லை. விலகியவர்கள் அப்துல்லாஹ் இப்னு வஹ்ப் அர்ராஸிபீ என்பவரைத் தலைவராகத் தேர்ந்துகொண்டார்கள். அவர் நபிகளின் குலமான குறைஷியைச் சேர்ந்தவர் அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 658இல் நஹ்ரவான் என்ற இடத்தில் அலீயின் படை அவர்களைத் தாக்கியது, பெரும்பாலோர் மாண்டார்கள். 661இல் அந்தத் தரப்பைச் சேர்ந்த இப்னு முல்ஜம் கூஃபா பள்ளிவாசலில் அலீயை வெட்டினான்.

அப்படியென்றால் இவர்கள் கவாரிஜ்கள்தானே? நேரடியாகச் சொல்லுங்கள்.

நேரடியாகவே சொல்கிறேன். கவாரிஜ் என்று வரலாற்றில் அழைக்கப்படும் கூட்டங்களுக்கும் இபாழிகளுக்கும் பிறந்த இடம் ஒன்று. ஆனால் கவாரிஜ் என்றதும் நம் மனத்தில் வருகிற செயல், அதாவது மற்ற முஸ்லிம்களை இணைவைப்பாளர் என்று சொல்லிக் கொல்வது, அதை மறுத்ததால்தான் இபாழிகள் தனிப் பிரிவானார்கள். ஆகவே அந்தப் பெயரை அவர்கள் ஏற்பதில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

நஹ்ரவானில் தப்பியவர்களும் அவர்களின் ஆதரவாளர்களும் பஸராவில் வாழ்ந்தார்கள். அவர்களில் மதிக்கப்பட்டவர் அபூ பிலால் மிர்தாஸ். தன்னைத் தாக்காதவரைத் தாக்கக் கூடாது, வழியில் போகிறவனிடம் கொள்கை கேட்டுக் கொல்லக் கூடாது என்பது அவர் வழி. ஆளுநர் உபைதுல்லாஹ் இப்னு ஸியாதின் கொடுமை பொறுக்காமல் நாற்பது பேரோடு ஊரைவிட்டு வெளியேறினார். துரத்திவந்த இரண்டாயிரம் பேரை ஆஸக் என்ற இடத்தில் அந்த நாற்பது பேர் விரட்டியடித்ததை அக்காலக் கவிஞர்கள் நையாண்டியோடு பாடினார்கள். அடுத்து வந்த படை, ஹிஜ்ரி 61இல், தொழுகையில் நின்றவர்களை வெட்டிச் சாய்த்தது.

உடைப்பு 683, 684 வாக்கில் நேர்ந்தது. நாஃபிஉ இப்னுல் அஸ்ரக் என்பவர், தம்மோடு கிளம்பிவராத முஸ்லிம்கள் அனைவரும் இணைவைப்பாளர்கள், அவர்களின் பெண்களையும் குழந்தைகளையும்கூடக் கொல்லலாம் என்றார். அவர் அனுப்பிய கடிதம் பஸராவில் வாசிக்கப்பட்டபோது அப்துல்லாஹ் இப்னு இபாழ் அதை மறுத்தார். மற்ற முஸ்லிம்கள் இறைவனின் அருளுக்கு நன்றி கெட்டவர்களாக இருக்கலாம், ஆனால் இணைவைத்தவர்கள் ஆகிவிட மாட்டார்கள் என்பது அவர் நிலை. அதிலிருந்து கிளைக்கும் விளைவுகள் பெரியவை. அவர்களோடு திருமண உறவு உண்டு, வாரிசுரிமை உண்டு, அவர்கள் அறுத்ததை உண்ணலாம், போரில் வென்றாலும் அவர்கள் சொத்தைத் தொடக் கூடாது. நாஃபிஉவின் கூட்டம் பதினைந்து ஆண்டுகள் வாக்கில் ரத்தம் சிந்தி அழிந்தது. அன்று பஸராவிலேயே தங்கிவிட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பெயரைப் பார்த்தால் இந்த இப்னு இபாழ்தான் நிறுவனர் போலிருக்கிறதே?

பெயர் அவருடையது, அவ்வளவே. தமீம் குலத்தைச் சேர்ந்த அவர் பொதுவெளியில் வாதிட்டவர். முஆவியாவோடு தொடங்கிய உமையா ஆட்சியின் கலீஃபா அப்துல் மலிக்குக்கு அவர் எழுதியதாக ஒரு கடிதமும் உண்டு. அவருக்கு வலுவான குலப் பின்னணி இருந்ததால் எதிரிகள் கண்ணில் அவரே பட்டார், கூட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இவர்கள் தங்களைத் தொடக்கத்தில் 'முஸ்லிம்களின் ஜமாஅத்' என்றும் 'நேர்வழியில் நிலைத்தோர்' என்றும்தான் அழைத்துக்கொண்டார்கள். வெளியார் வைத்த பெயரைப் பிற்பாடு ஏற்றுக்கொண்டார்கள்.

கொள்கையும் சட்டமும் யாரிடமிருந்து வந்தன என்று கேட்டால் இபாழிகள் ஜாபிர் இப்னு ஸைத் என்பார்கள்.

ஜாபிர் ஓமான்காரராமே? அவர் என்ன செய்தார்?

நிஸ்வாவுக்குப் பக்கத்திலுள்ள ஃபிர்க் அவருடைய ஊர். இன்று நிஸ்வாவுக்குக் காரில் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். அவர் அஸ்த் குலத்தவர். அந்தக் குலத்தினர் பெருவாரியாக ஓமானிலிருந்து பஸராவில் குடியேறியபோது அவரும் அங்கே போனார். நபித்தோழர் இப்னு அப்பாஸிடம் பாடம் கேட்டார், பஸராவின் பெரிய முஃப்தியானார். சன்னி ஹதீஸ் அறிஞர்களும் அவரை நம்பகமான அறிவிப்பாளராக ஏற்று அவர் வழியாக ஹதீஸ் எடுத்திருக்கிறார்கள். மரணப் படுக்கையில் அவர் ஹஸன் அல்பஸரீயைப் பார்க்க விரும்பியதும், ஆளுநர் ஹஜ்ஜாஜுக்கு அஞ்சித் தலைமறைவாக இருந்த ஹஸன் இரவில் வந்து பார்த்ததும் பதிவாகியிருக்கின்றன. இரு தரப்பும் ஒரே ஊரில், ஒரே ஆசிரியர்களிடம் படித்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

அரசாங்கத்தோடு அவர் மோதவில்லை. ஹஜ்ஜாஜின் செயலாளரோடு அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது, அரசு உதவித்தொகையும் வந்தது. நீதிபதிப் பதவி மட்டும் வேண்டாமென்றார். முஹல்லபின் குடும்பம் அஸ்த் குலத்தின் முதல் குடும்பம். அதைச் சேர்ந்த ஆத்திகா போன்றவர்கள் அவரை ஆதரித்தார்கள். பிற்பாடு ஹஜ்ஜாஜ் அந்தக் குடும்பத்தோடு பகைத்தபோது ஜாபிர் வட்டத்தின் மீதும் அடி விழுந்தது. ஜாபிர் ஓமானுக்கு நாடு கடத்தப்பட்டார் என்று இபாழி மரபு சொல்கிறது. ஹிஜ்ரி 93இல், அதாவது 712 வாக்கில், காலமானார் என்பது பரவலான கணக்கு.

ஒளிந்திருந்து மார்க்கம் நடத்தினார்கள் என்கிறார்களே, அது எப்படி?

எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. ஜாபிருக்குப் பிறகு பொறுப்பேற்றவர் அபூ உபைதா முஸ்லிம். தமீம் குலத்தின் மவ்லா, அதாவது அரபுக் குலத்தில் பிறக்காமல் அதைச் சார்ந்து வாழ்ந்தவர். கறுப்பர், ஒரு கண் பார்வையற்றவர். ஹஜ்ஜாஜின் சிறையில் கிடந்து, 714இல் ஹஜ்ஜாஜ் இறந்த பின்பு வெளியே வந்தவர். பஸராவில் பூமிக்கடியில் ஓர் அறை தோண்டி அதில் பாடம் நடத்தினார். வாசலில் ஒரு சங்கிலி கட்டியிருந்ததாம். வெளியாள் யாராவது வந்தால் அது சத்தம் போடும். உடனே ஆசிரியரும் மாணவர்களும் ஏடுகளை மறைத்துவிட்டு ஓலைக் கூடை முடையத் தொடங்குவார்கள். கூடை முடைபவர் என்பதே அவருக்குப் பட்டப்பெயராக நிலைத்துவிட்டது.

இதற்கு அவர்களிடம் ஒரு கோட்பாடும் இருந்தது. சமுதாயம் நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும் என்பார்கள். முதலாவது வெளிப்பாடு: தாங்களே ஆளும் நிலை. அபூபக்ர், உமர் காலம் இதற்கு உதாரணம். இரண்டாவது தற்காப்பு: தாக்குதல் வரும்போது தலைவரைத் தேர்ந்து எதிர்ப்பது. மூன்றாவது உயிர் விற்பனை: குறைந்தது நாற்பது பேர் சேர்ந்து, உயிரை இறைவனுக்கு விற்றுவிட்டதாகக் கருதிக் கொடுங்கோலனை எதிர்த்துக் கிளம்புவது. அபூ பிலாலின் நாற்பது இங்கிருந்துதான் வருகிறது. நான்காவது மறைவு: ஆட்சியும் பலமும் இல்லாத காலத்தில் அடக்கமாக இருந்து படித்துக் காத்திருப்பது.

மறைவு என்றால் கோழைத்தனம் என்ற எண்ணம் அவர்களிடம் இல்லை. அந்த நிலைக்கும் உரிய சட்டங்கள் உண்டு. சமுதாயத்தை ஆளும் தலைவரான இமாம் இல்லாதபோது எந்தக் கடமைகள் நிறுத்திவைக்கப்படும், எவை தொடரும் என்றெல்லாம் வரையறுத்து வைத்தார்கள். தோற்ற பிறகும் வாழ்வதற்கு வழி சொல்லும் சட்டம் இது. நாஃபிஉவின் ஆட்கள் அழிந்து இவர்கள் மிஞ்சியதற்கு முதற்காரணம் இதுதான் என்பது என் கருத்து.

பஸராவில் இருந்தது ஓமானுக்கும் அல்ஜீரியாவுக்கும் எப்படிப் போனது?

ஆள் அனுப்பித்தான். அபூ உபைதா தம்மிடம் படித்து முடித்தவர்களை 'அறிவு சுமப்போர்' என்ற பெயரில் அவரவர் நாடுகளுக்குத் திருப்பி அனுப்பினார். ஓமான், யமன், குராசான், மக்ரிப் என்று நான்கு திசையிலும் போனார்கள். மக்ரிப் என்றால் இன்றைய லிபியா, துனீசியா, அல்ஜீரியா பகுதி. அங்கிருந்து வந்து ஐந்தாண்டுகள் படித்தவர்களில் பாரசீக வம்சாவளியைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு ருஸ்தமும், கதாமிஸ் ஊர்க்காரர் ஒருவரும் இருந்தார்கள். புறப்படும் நேரத்தில் வாகனத்தில் ஏறும்போது அந்தக் கதாமிஸ்காரர் முந்நூறு சட்டக் கேள்விகள் கேட்டாராம். நீதிபதியாகப் போகிற எண்ணமோ என்று அபூ உபைதா கேட்டார். அந்தச் சோதனை வந்து சேர்ந்தால் என்ன செய்வது என்று மறுமொழி சொன்னார் மாணவர்.

மாணவர்கள் போய்ச் சேர்ந்த இடங்கள் எல்லாமே உமையா ஆட்சியில் வரிக்கொடுமையும் குலப் பாகுபாடும் கசந்துபோயிருந்த ஓர இடங்கள். இஸ்லாத்தை ஏற்ற பிறகும் இரண்டாந்தரமாக நடத்தப்பட்ட பெர்பர் மக்களுக்கு, இறையச்சமுள்ள எவரும் இமாமாகலாம், குறைஷியாகவோ அரபியாகவோ இருக்கத் தேவையில்லை என்ற கொள்கை எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு சமயம் மக்காவையே பிடித்தார்களாமே, உண்மையா?

உண்மை. யமன் பக்கத்து ஹள்ரமவ்த்தில் நீதிபதியாக இருந்த அப்துல்லாஹ் இப்னு யஹ்யா, 'சத்தியத்தைத் தேடுபவர்' என்ற பட்டத்தால் அறியப்பட்டவர், கிளர்ச்சி செய்யலாமா என்று பஸராவுக்கு எழுதிக் கேட்டார். முடிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதே என்று பதில் வந்தது. மறைவிலிருந்து வெளிப்பாட்டுக்கு மாறும் நேரம் வந்துவிட்டது என்று மூத்தவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள் என்று பொருள். அவர் ஸன்ஆவைக் கைப்பற்றியதும் கருவூலத்தில் இருந்ததை அந்த ஊர் ஏழைகளுக்கே பகிர்ந்தார்.

747இல் ஹஜ் காலத்தில் அவருடைய தளபதி அபூ ஹம்ஸா சில நூறு பேரோடு அரஃபாவில் வந்து நின்றார். ஹாஜிகள் திகைத்துப்போனார்கள். ஹஜ் முடியும் வரை சண்டை இல்லை என்று உமையா ஆளுநரோடு உடன்பாடு செய்துகொண்டு அதைக் காத்தார். ஆளுநர் நழுவிவிட, மக்கா கைக்கு வந்தது. குதைத் போருக்குப் பின் மதீனாவும் விழுந்தது. மதீனா மிம்பரில் அவர் நிகழ்த்திய உரையை, தம் படையை வெறும் இளைஞர் கூட்டம் என்று ஏளனம் செய்தவர்களுக்குக் கொடுத்த பதிலுக்காக, அரபு இலக்கியத்தில் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அடுத்த ஆண்டே சிரியப் படை வந்தது. அபூ ஹம்ஸாவும் கொல்லப்பட்டார், ஸன்ஆவின் இமாமான அப்துல்லாஹ் இப்னு யஹ்யாவும் கொல்லப்பட்டார்.

ஓமானின் முதல் இமாம் யார்? இரண்டே ஆண்டில் ஏன் முடிந்துபோனது?

ஜுலந்தா இப்னு மஸ்ஊத். 750இல் உமையாக்கள் வீழ்ந்து அப்பாஸியர் எழுந்த குழப்பத்தில் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் முடிவைப் பற்றி ஓமானிய வரலாற்று நூல்கள் ஒரு சம்பவம் சொல்கின்றன. அப்பாஸியரிடமிருந்து தப்பி ஓமானுக்கு ஓடிவந்த ஷைபான் என்ற வேறொரு பிரிவின் தலைவர், இபாழிகளோடு மோதிக் கொல்லப்பட்டார். அவரைத் துரத்திக்கொண்டு வந்த அப்பாஸியத் தளபதி காஸிம் இப்னு குஸைமா, ஷைபானின் வாளையும் மோதிரத்தையும் கொடு, கலீஃபாவுக்குப் பணிந்து குத்பாவில் அவர் பெயரைச் சொல் என்றார்.

ஜுலந்தா தம் ஆலிம்களைக் கூட்டிக் கேட்டார். வாளும் மோதிரமும் இறந்தவனின் வாரிசுகளுக்குச் சொந்தம், நாம் எப்படிக் கொடுப்பது என்பதுதான் அந்தச் சபையின் முதல் கவலை. வாசலில் ஒரு பேரரசின் படை நிற்கிறது, இவர்கள் கொல்லப்பட்ட எதிரியின் மோதிரத்துக்கு வாரிசு யார் என்று பேசுகிறார்கள்! வேண்டுமானால் அதன் மதிப்பை வாரிசுகளுக்குக் கொடுப்பதாகப் பொறுப்பேற்றுக்கொண்டு பொருளைத் தரலாம் என்ற வரைக்கும் இறங்கிவந்தார்கள். பணிவதற்கு மட்டும் ஒப்பவில்லை. 752இல் ஜுல்ஃபாரில், இன்றைய ராஸ் அல்கைமா பகுதியில், ஜுலந்தாவும் அவர் படையும் அழிந்தார்கள். மாற்றான் சொத்தைப் பற்றி முன்பு சொன்ன விதி ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதற்காகவே இதை விரித்து எழுதினேன்.

இமாமை ஓட்டுப் போட்டா தேர்ந்தெடுத்தார்கள்?

ஆலிம்களும் குலத் தலைவர்களும் கூடி ஒருவரை முடிவு செய்வார்கள், பிறகு மக்கள் பைஅத், அதாவது விசுவாச உறுதி, செய்வார்கள். இதை இன்றைய ஜனநாயகம் என்று கொண்டாடுவது மிகை. நடைமுறையில் குறிப்பிட்ட சில குலங்களிலிருந்தே இமாம்கள் வந்தார்கள். ஆனாலும் தந்தைக்குப் பின் மகன் என்பதை விதியாக ஏற்காமல் இருந்தது அந்தக் காலத்தில் சிறிய விஷயம் இல்லை.

793இல் நிஸ்வாவைத் தலைமையிடமாகக் கொண்டு இமாமத் மீண்டும் எழுந்தது. முதலில் வந்தவர் கடுமையாக நடந்துகொண்டதால் நீக்கப்பட்டார். அடுத்தவர் வாரிஸ் இப்னு கஅப் அல்கரூஸீ. ஒரு நாள் நிஸ்வா வாதியில், அதாவது மழை பெய்தால் மட்டும் ஓடும் ஆற்றுப் பள்ளத்தில், வெள்ளம் பெருக்கெடுத்தது. கரையோரச் சிறையில் கைதிகள் அடைபட்டிருந்தார்கள். அவர்களை விடுவிக்கப் போக எவருக்கும் துணிச்சல் வரவில்லை. அவர்கள் என் பொறுப்பில் இருப்பவர்கள், மறுமையில் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லி இமாம் தண்ணீரில் இறங்கினார். கைதிகளோடும் தம்மைப் பின்தொடர்ந்தவர்களோடும் அவரும் மூழ்கி இறந்தார். ஓமானின் மழைக்கால வாதியைப் பார்த்தவர்களுக்கு அந்த வேகம் தெரியும்.

வட ஆப்பிரிக்காவில் இவர்களுக்குத் தனி அரசு இருந்ததா?

இருந்தது. திரிபோலியையும் கைரவானையும் 757, 758இல் பிடித்த, அந்த அறிவு சுமப்போரில் ஒருவரான அபுல் கத்தாப் 761இல் அப்பாஸியரிடம் தோற்று இறந்தார். கைரவானில் அவருடைய ஆளுநராக இருந்த இப்னு ருஸ்தம் மேற்கே தப்பிப் போய், இன்றைய அல்ஜீரியாவில் தாஹர்த் நகரை எழுப்பினார். 770களில் இமாமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தமக்கென்று குலம் இல்லாத பாரசீகர் என்பதால், தவறு செய்தால் நீக்குவது எளிது என்று கருதித்தான் அவரைத் தேர்ந்தார்களாம்!

பஸராவிலிருந்து பண உதவியோடு வந்த தூதர்கள் கண்ட காட்சியை, அந்த நகரில் வாழ்ந்த இபாழி அல்லாத ஒரு வரலாற்றாசிரியரே எழுதிவைத்திருக்கிறார். ஒருவர் வீட்டுக் கூரை மேல் நின்று பூசிக்கொண்டிருக்கிறார், கீழிருந்து அடிமை ஒருவன் குழைத்த மண்ணை எடுத்துக் கொடுக்கிறான். இமாம் எங்கே என்று கேட்டால், அவர்தான் இமாம். வேலையை முடித்துக் கைகழுவிவிட்டு வந்து ரொட்டியும் நெய்யும் உப்பும் வைத்து உபசரித்தார். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பணம் வந்தபோது, இப்போது எங்களுக்குத் தேவை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சஹாரா வணிகத்தால் செழித்த தாஹர்த் 909இல் ஷியா வம்சமான ஃபாத்திமியரிடம் விழுந்தது. தப்பியவர்கள் தெற்கே பாலைவனத்துக்குள் போய், அடுத்த நூற்றாண்டில் மிஸாப் பள்ளத்தாக்கில் ஊர்களை அமைத்தார்கள். கர்தாயா அவற்றில் ஒன்று.

இமாம் சரியில்லை என்றால் நீக்கிவிடலாம் என்கிறீர்கள். அதில் சண்டை வராதா?

வந்தது, இரண்டு இடத்திலும் வந்தது. இபாழி வரலாற்றின் ஆறாத புண் இதுதான்.

தாஹர்த்தில் இப்னு ருஸ்தம் தமக்குப் பின் யார் என்பதை ஒரு சிறு குழுவிடம் விட்டுச் சென்றார். தேர்வானவர் அவருடைய மகன் அப்துல் வஹ்ஹாப். யஸீத் இப்னு ஃபந்தீன் என்பவர், குறிப்பிட்ட ஆலோசனைச் சபையைக் கேட்காமல் இமாம் எதையும் முடிவு செய்யக் கூடாது என்று நிபந்தனை போட்டார். கிழக்கிலிருந்த ஆலிம்களுக்கு ஆளனுப்பிக் கேட்டபோது, பைஅத் செல்லும், நிபந்தனை செல்லாது என்று பதில் வந்தது. எதிர்த்தவர்கள் 'மறுப்போர்' என்ற பொருளில் நுக்கார் எனப்பட்டுத் தனிக் கிளையானார்கள்.

ஓமானில் நடந்தது இதைவிட மோசம். இமாம் ஸல்த் இப்னு மாலிக் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆண்டு முதுமையடைந்தார். கால் தளர்ந்துவிட்டது, அறிவும் கண்ணும் காதும் நன்றாக இருந்தன. 886இல் மூஸா இப்னு மூஸா என்ற ஆலிம் ஆட்களைத் திரட்டிக்கொண்டு நிஸ்வாவுக்கு வர, கிழவர் இமாமின் இல்லத்தைவிட்டு வெளியேறினார். அவர் தாமாக விலகினாரா, விலக்கப்பட்டாரா? முதுமை மட்டுமே நீக்கக் காரணமாகுமா? விலக்கியவர்களை நல்லவர்கள் என்பதா, கெட்டவர்கள் என்பதா, தீர்ப்புச் சொல்லாமல் நிறுத்திக்கொள்வதா? இந்தக் கேள்விகள் மீது ருஸ்தாக் தரப்பு, நிஸ்வா தரப்பு என்று இரண்டு பள்ளிகள் உருவாகிப் பல நூற்றாண்டுகள் நூல் நூலாக எழுதிக்கொண்டிருந்தன. அதற்குள் குலச் சண்டை மூண்டது. தோற்ற பக்கம் அப்பாஸியரை உதவிக்கு அழைக்க, 893இல் முஹம்மத் இப்னு நூர் படையோடு வந்தான். இமாமைக் கொன்றான், நூல்களை எரித்தான், ஃபலஜ் எனப்படும் பாசனக் கால்வாய்களை இடித்தான். நூர் என்றால் ஒளி. ஓமானியர் ஒரே எழுத்தை மாற்றி அவனை 'இப்னு பூர்', பாழ்நிலத்தின் மகன், என்றே எழுதுகிறார்கள்.

தொழுகையில் கையைக் கட்டாமல் தொங்கவிடுகிறார்களே? ஆமீனும் சொல்வதில்லையே?

ஷாஃபிஈ முறையில் பழகிய நம்மவர்களுக்குக் கண்ணை உறுத்துவது இதுதான். கையைத் தொங்கவிடுவது இபாழிகளுக்கு மட்டும் உரியதல்ல, மாலிக்கி மத்ஹபைச் சேர்ந்த பலரும் ஷியாக்களும் அப்படித்தான் தொழுகிறார்கள். தக்பீர் சொல்லும்போது கையை உயர்த்துவதில்லை, ஃபாத்திஹாவுக்குப் பின் ஆமீன் இல்லை, சுப்ஹில் குனூத் இல்லை, லுஹரிலும் அஸரிலும் ஃபாத்திஹா மட்டும் ஓதுவார்கள். தொழுகையில் எதையும் கூட்டக் கூடாது என்ற எச்சரிக்கை அவர்களுக்கு அதிகம். பழைய பள்ளிவாசல்களும் அப்படியே: அலங்காரம் இல்லை, பலவற்றில் மினாரா கூட இல்லை.

ஹதீஸ் விஷயமும் இதோடு சேர்ந்து கேட்கப்படும். அபூ உபைதாவுக்குப் பின் பஸரா வட்டத்தை நடத்திய ஓமானியர் ரபீஉ இப்னு ஹபீப் பெயரில் அவர்களுக்கு ஒரு தொகுப்பு உண்டு. அதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வர்ஜலான் ஊரைச் சேர்ந்த அபூ யஅகூப் என்பவர் இன்றைய வடிவில் ஒழுங்குபடுத்தினார்.

கொள்கையில் பெரிய வித்தியாசம் என்ன?

மூன்று விஷயங்கள் மட்டும் சொல்கிறேன். இறைவனை மறுமையிலும் கண்ணால் காண முடியாது என்பார்கள். பெரும்பாவம் செய்து தவ்பா செய்யாமல் இறந்தவர் நரகிலிருந்து மீள முடியாது என்பார்கள். மூன்றாவது, யாரோடு நட்பு, யாரிடமிருந்து விலகல் என்பதை மார்க்கக் கடமையாகவே வைத்தார்கள். விலகல் என்றால் அடிப்பதோ ஒதுக்குவதோ அல்ல, அவருக்காக துஆ செய்யாமல் மனத்தளவில் தள்ளி நிற்பது. தெரியாதவர் விஷயத்தில் தீர்ப்பை நிறுத்திவைக்க வேண்டும்.

அலீ (ரலி) அவர்களை இவர்கள் வெறுக்கிறார்கள் என்பது உண்மையா?

பழைய நூல்களில் கடுமையான விமர்சனம் இருக்கிறது, அதை மூடி மறைப்பதில் பயனில்லை. நடுவர் தீர்ப்பை ஏற்கும் வரை அவர் முறையான இமாம், அதன் பின் தவறிவிட்டார், நஹ்ரவானில் செய்தது அநியாயம் என்பதுதான் அவர்களின் நிலை. உஸ்மானின் பிற்கால ஆட்சியைப் பற்றியும் இப்படித்தான். ஆனால் இப்னு முல்ஜம் செய்த கொலையை இவர்கள் தலையில் கட்டுவது சரியல்ல. பிற்கால ஆலிம்கள் பலர், அது கடந்துபோன சமுதாயம், நாவைக் காத்துக்கொள்வோம் என்ற போக்குக்கு வந்துவிட்டார்கள். ஓமானில் அலீ என்று பெயர் வைத்தவர்களைக் கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும்.

இன்றைய சுல்தான்தான் இவர்களின் இமாமா?

இல்லை. இப்போதைய அரச குடும்பத்தை நிறுவிய அஹ்மத் இப்னு ஸயீத் பதினெட்டாம் நூற்றாண்டில் இமாமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவர் சந்ததியினர் கடற்கரையிலிருந்து சுல்தான்களாக ஆண்டார்கள். உள்நாட்டவர் 1913இல் மீண்டும் ஓர் இமாமைத் தேர்ந்தெடுத்தார்கள். 1920இல் ஸீப் உடன்படிக்கையால் இரு தரப்பும் ஒதுங்கி வாழ்ந்தன. எண்ணெய் தேடும் காலம் வந்ததும் மோதல் வெடித்து, 1959இல் பச்சை மலையில் நடந்த சண்டையோடு இமாமத் முடிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட கடைசி இமாம் காலிப் அல்ஹினாயீ, 2009இல் சவூதியில் காலமானார். நாட்டின் முஃப்தி பதவி தொடர்கிறது, இமாம் என்று எவரும் இல்லை. முன்பு சொன்ன நான்கு நிலைகளில் இது எந்த நிலை என்று நீங்களே ஒரு நிஸ்வா ஆலிமிடம் கேட்டுப் பாருங்கள், பொழுது போவதே தெரியாது.

அவர்கள் பின்னால் நின்று தொழலாமா? இதையெல்லாம் அவர்களிடமே கேட்டால் கோபித்துக்கொள்வார்களா?

முதல் கேள்விக்கு உங்கள் ஊர் ஹஸ்ரத்திடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்த செய்தி இரண்டு. 2005இல் ஜோர்டான் தலைநகர் அம்மானில் பல நாட்டு ஆலிம்கள் கூடி ஏற்ற அறிக்கை, இபாழியையும் சேர்த்து எட்டு மத்ஹபுகளை அங்கீகரித்து, அவற்றைப் பின்பற்றுபவரைக் காஃபிர் எனக் கூடாது என்றது. மஸ்கட் பள்ளிவாசல்களில் கை கட்டியவரும் கட்டாதவரும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பதை அன்றாடம் பார்க்கிறோம்.

கோபிக்க மாட்டார்கள். காவாவும் பேரீச்சம்பழமும் கொடுத்து உட்காரவைத்துச் சொல்வார்கள். கவாரிஜ் என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்காதீர்கள், ஜாபிர் இப்னு ஸைதிலிருந்து தொடங்குங்கள்.